பிரம்மதேசத்துக்கு மேலே நின்ற பந்து

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு சாயங்காலம், வளைகுடா நாடொன்றின் மைதானத்தில் அடிக்கப்பட்ட பேஸ்பால் பந்து ஒன்று அடுத்த பதினெட்டு வருஷம் கீழே இறங்கவில்லை. அதைப் பிடித்திருக்க வேண்டியவன் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் பச்சைமுத்து மகன் பூவரசன். பந்துதான் இறங்கவில்லையே ஒழிய, அதன் நிழல் அன்றைக்கே இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழ அளவு, கன்னங்கரேலென்று, அவன் இடது காலுக்குப் பக்கத்தில். அவன் விமானம் ஏறினான், அதுவும் ஏறியது. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி நிழலை ஷூ முனையால் தேய்த்துப் பார்த்தார், அழியவில்லை, சரி போ என்று கையைக் காட்டிவிட்டார். மழை நாளிலும் அது இருந்தது, அமாவாசையிலும் இருந்தது, ஓட்டு வீட்டுக்குள் படுத்தாலும் பாய் ஓரமாக இருந்தது. ஊர் ஜனங்கள் ஒரு வாரம் வந்து வந்து பார்த்தார்கள். அந்த வாரம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டைக்கு நல்ல விலை ஏறியதால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இந்த ஊர்க்காரனுக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்காதவன் இல்லை, சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பூவரசன் புல்லுக்குத் தண்ணி விடப் போனவன். கோட்டக்குப்பம் அமீர் பாட்சா அங்கே ஒரு பேஸ்பால் டீமுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், அவர்தான் விசாவுக்குச் சொல்லி இவனை அழைத்துக்கொண்டார். ஒரு நாள் பிராக்டிஸில் தப்பிப் பறந்த பந்து ஒன்று, ஓஸ் பைப்போடு நின்றவன் தலைக்கு நேரே வந்தது. பூவரசன் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, கோயிலில் விபூதி வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டான். கோச் கியூபாக்காரர், பெரிய தொப்பைக்காரர். ஓடி வந்து அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மாசம் அவன் சம்பள ஆட்டக்காரன். பைப்பைப் பிடிக்க வேறு ஆள் வந்தான்.

அவன் நின்றது மைதானத்தின் கடைசி எல்லையில். ஔட்ஃபீல்டு என்பார்கள், நம் கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்கிறவன் மாதிரி. பந்து வராதவரை சும்மா நிற்கணும், வந்தால் உயிரை விட்டு ஓடணும். இடது கையில் பெரிய தோல் கையுறை மாட்டியிருப்பார்கள். அதிலேதான் பிடிக்கணும், வலது கையால் எறியணும். இங்கேதான் சங்கடம். பூவரசனின் அம்மா லட்சுமியம்மாள், பிள்ளை எதற்காவது இடது கையை நீட்டினால் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். "பீச்சாங்கையிலயா வாங்குற?" என்பாள். பத்து வயசுக்குள் வாங்கிய குட்டு அறுபது வயசு வரைக்கும் வேலை செய்யும். பந்து வரும்போதெல்லாம் அவன் வலது கை தானாகப் போய்க் கையுறைக்கு அடியில் சேர்ந்துகொள்ளும். இரண்டு கையும் சேராமல் அவன் ஒரு பந்தையும் வாங்கியதில்லை. கியூபாக்காரர் அதைப் பெரிய டெக்னிக் என்று நினைத்து மற்ற எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார், ஆனால் லட்சுமியம்மாளின் குட்டு அவர்களுக்கு யார் கொடுப்பது?

நான்கு சீசன் ஆடினான். அவன் பக்கம் அடித்த பந்து ஒன்றுகூடத் தரையைத் தொட்டதில்லை. ஒரு தடவை மணற்புயலில் யாருக்கும் யாரும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது பூவரசன் பந்தோடும் ஒரு புறாவோடும் வெளியே வந்தான், இரண்டுக்கும் காயமில்லை. இன்னொரு தடவை ஒரு பந்து மேகத்துக்குள் போய் நனைந்து இறங்கியது. அந்த நாட்டில் அந்த வருஷம் பெய்த மழை அவ்வளவுதான். பேப்பரில் போட்டோ வந்தது. கோட்டக்குப்பத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். ஆட்டம் அவர்களுக்கும் புரியவில்லை, ஆனாலும் நம்ம பூவு விடமாட்டான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் அதுதான் தெரியும். ஒரு பந்தைக்கூட விடாதவன். பந்தை விட்டால் பேருக்கு நேரே தப்பு என்று எழுதிவிடுவார்கள், அவன் பேரில் ஒன்றுகூடக் கிடையாது. உலகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே சொத்து அது என்று அவன் முழுசாக நம்பினான்.

கடைசி ஆட்டம் கோப்பைக்கான ஆட்டம். பூவரசன் டீம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர் ஓடுவதற்குத் தயாராக வழியில் நின்றார்கள். இன்னும் ஒருவன் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. பந்து தரையைத் தொட்டால் அந்த இரண்டு பேரும் ஓடி வந்து, அந்த ஆட்டத்தில் வீடு என்று சொல்கிற இடத்தை மிதித்து ஜெயித்துவிடுவார்கள். பந்து உயரமாக எழும்பி பூவரசனுக்கு நேரே வந்தது. அவன் அடியில் போய் நின்றுகொண்டான், கை இரண்டும் சேர்ந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அமீர் பாட்சாவின் போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து. அவர் கேட்டதும் கத்தினார்: "பூவு, பொண்ணு பொறந்துகிதுடா. அல்லா காப்பாத்துனான், ரெண்டு பேரும் சுகம்."

நல்ல சேதி கேட்டால் நாம் என்ன செய்வோம்? பூவரசன் பந்திலிருந்து கண்ணை எடுத்தான், அவன் வலது கை கையுறையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இடது கை மட்டும் தனியாக நீட்டியபடி நின்றது. பந்து அதற்கு முழ தூரம் மேலே வந்து நின்று, பீச்சாங்கையைப் பார்த்தது, வந்த வழியே திரும்பி மேலே போய்விட்டது.

அம்பயர்கள் இருட்டும்வரை அண்ணாந்து பார்த்தார்கள். பந்து இறங்காமல் முடிவு சொல்ல விதி இல்லை. வழியில் நின்ற இரண்டு பேரும் மறுநாள் மத்தியானம் வரை அங்கேயே நின்றுவிட்டு, பிறகு அவரவர் தேசத்துக்கு விமானம் ஏறினார்கள். முதலாளிக்குப் பேஸ்பால் அலுத்துப்போனது, மைதானத்தைக் கார் நிறுத்தும் இடமாக்கினார். ஊருக்கு வந்த பூவரசனை யாராவது முன்னாள் ஆட்டக்காரர் என்றால் முகம் சுண்டிவிடும். "ஆட்டம் முடியலீங்க" என்பான். அதற்கப்புறம் எந்த வேலையிலும் அவன் ஒட்டவில்லை. திண்டிவனத்தில் ஒரு அரிசி மண்டியில் நின்றான், விக்கிரவாண்டியில் ஒரு டீக்கடையில் நின்றான். எல்லா இடத்திலும் பாதி நேரம் அண்ணாந்தே இருந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? குடும்பத்தை ஓட்டியது அவன் பெண்டாட்டி சங்கவி, இரண்டு கறவை மாட்டையும் ஒன்றரை ஏக்கரையும் வைத்து. குழந்தைக்குக் கவிதா என்று பேர் வைத்தார்கள். அவள் அப்பன் நிழலோடு விளையாடித்தான் தவழக் கற்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனி மாசம், கவிதா விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்தாள். முதல் நாள் அவளை பஸ் ஏற்றிவிட பூவரசன் கூடப் போனான். பஸ் வந்து நின்றது, அவள் படியில் கால் வைத்தாள், அவன் காலடியில் பதினெட்டு வருஷமாகக் கிடந்த நிழல் நகர்ந்து, மண்ணில் ஊர்ந்து, படியேறி, அவள் உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கூட்டம் அவளை விட்டு விலகி நின்றது. கண்டக்டர் துரைக்கண்ணு விசில் ஊத மறந்தார். பந்து எங்கே இறங்கப்போகிறது என்று அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் மேலே போய்க்கொண்டே இருந்த பந்து எத்தனை வேகத்தில் இறங்கும்?

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. சங்கவி அழுகிற ஜாதி இல்லை. நேராகக் கேட்டாள். "ஏங்க, நீங்க புடிச்சிடுவீங்களா மாட்டீங்களா, அத்த மட்டும் சொல்லுங்க."

"புடிச்சிடுவேன்" என்றான் பூவரசன்.

மறுநாள் அவள் மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்று தேங்காயை வீசிப் போட்டாள், அவன் கீழே நின்று பிடித்தான். பரணிலிருந்து எடுத்த கையுறை வறண்டு வெடித்திருந்தது. மல்லாட்டை எண்ணெய் தடவித் தடவி இளக்கினான். முட்டி இரண்டும் கதவுக் கீல் மாதிரி சத்தம் போட்டன. பத்துத் தேங்காயில் மூன்று தரையில் போனது. சங்கவி இறங்கி வந்து உடைந்த தேங்காயைப் பொறுக்கிச் சட்னி அரைத்தாள். அவன் அந்தச் சட்னியைத் தொடவில்லை.

அதிலிருந்து கவிதா போகிற இடமெல்லாம் பூவரசன் போனான். காலை பஸ்ஸில் அவள் சீட்டுக்குப் பின்னால் கையுறையோடு நிற்பான். திண்டிவனம் மேம்பாலம், விக்கிரவாண்டி டோல்கேட், விழுப்புரம் நான்குமுனை சிக்னல், எங்கேயும் உட்காரமாட்டான். காலேஜில் முதலில் அவனை உள்ளே விடவில்லை. பிரின்சிபால் அம்சா அம்மா ஒரு நாள் நிழலை நேரில் பார்த்தார், அடுத்த நாளிலிருந்து வகுப்புக்குள் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார். பொருளாதார வகுப்பு நடந்துகொண்டிருக்கும், இவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கூடப் படித்த பெண்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள், அப்புறம் கவிதா பக்கத்தில் உட்காரப் பயந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அது கிண்டலைவிட மோசம். ஐப்பசியில் நிழல் தேங்காய் அளவு ஆனது. தை மாசம் முறம் அளவு ஆனது. கவிதா இளைத்துப்போனாள். தலை வாரும்போது சீப்பு நிழலுக்குள் போனால் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறதாம்.

மாசி மாசம் அமீர் பாட்சா வந்தார். அவர் ஊரோடு வந்து கோட்டக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருந்தார், தாடி முழுக்க வெளுத்திருந்தது. சேதி வளைகுடா வரைக்கும் போய்விட்டதாம். பழைய முதலாளி கோப்பையைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம், பந்தைப் பிடித்தால் பிரம்மதேசத்துக்கே கொண்டுவந்து கொடுப்பாராம். பூவரசன் முகம் அத்தனை வருஷத்தில் இல்லாதபடி மலர்ந்தது.

"என் பேர்ல ஒரு தப்புகூட கெடையாதுல்ல பாய்?"

"ஒண்ணுகூட கெடையாதுடா. இத்த புடிச்சினா எவனாலயும் உன்ன தொட முடியாது."

கவிதா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டீ டம்ளரை அமீர் பாட்சாவுக்கு மரியாதையாகக் கொடுத்துவிட்டு அப்பனிடம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன், நெஜமா சொல்லு. நீ எனக்கோசரம் நின்னுகினு இருக்கியா, பந்துக்கோசரம் நின்னுகினு இருக்கியா? பந்து வேற எவ தலமேல வந்திருந்தாலும் இப்டிதான நின்னிருப்ப?"

பூவரசன் கையுறையின் வாரை இழுத்துக் கட்டினான். சட்டென்று இல்லை என்று சொல்லியிருக்கலாம், பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கே தெரியாத விஷயத்தை அவன் எப்படிச் சொல்வான்? அமீர் பாட்சா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த ஒரு மாசம் கவிதா அப்பனிடம் பேசவில்லை. அவன் பின்னால் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை, அவளும் போ என்று சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிழல் நடுங்க ஆரம்பித்தது. அவ்வளவு நாள் பெரிசாகிக்கொண்டே வந்தது, இப்போது சுருங்கிச் சுருங்கிக் கூர்மையானது. மேலே எங்கேயோ குக்கர் சீட்டி அடிக்கப்போகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்குள் விழுந்தால் சுவரோடு போய்விடும் என்று மூன்று பேரும் கழனிக்கு ஓடினார்கள். மல்லாட்டை பிடுங்கி முடித்து வெறும் மண்ணாகக் கிடந்த கழனி. வேலையில் இருந்த பெண்கள் ஏரிக்கரை வரைக்கும் விலகிப் போனார்கள். நடுவில் கவிதா நின்றாள், அவளை ஒட்டி பூவரசன், வரப்பில் சங்கவி.

"அசையாம நில்லுமா" என்றான்.

"நிக்கறேன்."

வலது கை போய்க் கையுறையோடு சேர்ந்தது. பந்து தெரிந்தது. முதலில் கடுகு, பிறகு மிளகு. அவனுக்கு முட்டி வலி மறந்துபோனது, வயசு மறந்துபோனது. அது வருகிற கோணம், காற்று, சுழற்சி எல்லாம் அவனுக்கு நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி இருந்தது. இதைவிடச் சுலபமான பந்தை அவன் பார்த்ததில்லை. மனசுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் வந்தது, அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டான். அண்ணாந்து பார்க்கிற யாரும் தன்னை அறியாமல் பின்னால் நகர்வார்கள். அந்த ஆட்டத்துக்குப் புதுசாக வருகிறவனுக்கு முதல் வேலையாக அந்தப் பழக்கத்தை விட்டொழிக்கத்தான் கற்றுத்தருவார்கள். மகளுக்கு அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லியிருந்தான். கவிதா அண்ணாந்தாள். ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி. நிழல் அவளோடு நகர்ந்தது, பந்து நிழலோடு நகர்ந்தது, பூவரசன் பந்தோடு நகர்ந்தான். கழனி மூலையில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு இருப்பதை வரப்பிலிருந்த சங்கவி மட்டும் பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் சீட்டிச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

தொபுக்கென்று ஒரு மண்கட்டி தண்ணீரில் விழுந்த சத்தம் பூவரசனுக்குக் கேட்டது. ஔட்ஃபீல்டில் நிற்கிறவன் பந்திலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. அவன் வாழ்நாளில் இரண்டாம் தடவையாகக் கண்ணை எடுத்தான். கவிதாவின் குதிகால் ஓரத்தில் சரிந்து, உடம்பு பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வலது கை கையுறையை விட்டுவிட்டுப் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இடது கை அவள் தலைக்கு மேலே தனியாக நீண்டது.

பந்து முழ தூரத்தில் வந்து நின்றது. அந்தப் பீச்சாங்கையைப் பார்த்தது. திரும்பவும் மேலே போனால் இன்னும் ஒரு பதினெட்டு வருஷம். சங்கவி ஓடி வந்தபடி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பந்துக்கும் களைப்பு இருக்கும்தானே. மெல்ல இறங்கிக் கையுறையில் உட்கார்ந்தது. பழைய தோல், ஒற்றைக் கையால் பிடித்த பிடி, அது நிற்கவில்லை. உருண்டு விரல் நுனிக்கு வந்தது. வலது கையை எடுத்து ஒரு தடவை அணைத்தால் போதும், நின்றிருக்கும். அவன் எடுக்கவில்லை. பந்து விரல் நுனியிலிருந்து நழுவிக் கழனி மண்ணில் விழுந்தது. பூவரசன் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை, கையுறையை உதறிவிட்டு இரண்டு கையாலும் மகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். கவிதாவின் முழங்கையில் சிராய்ப்பு, சங்கவி முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். கவிதாதான் முதலில் பேசினாள்.

"பந்து வுழுந்துட்ச்சுப்பா."

"ம்."

"அந்தக் கைய வச்சிருந்தா நின்னிருக்கும்."

"அந்தக் கையிலதான் நீ இருந்தியே."

கவிதா அவன் முட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தலையில் வெயில் முழுசாக விழுந்தது.

அதே நேரத்தில், அன்றைக்கு மைதானத்தில் வழியில் நின்ற அந்த இரண்டு எதிரணிக்காரர்கள், அவரவர் தேசத்தில், முடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவரும் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்த இடத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். தங்கள் வீட்டு வாசற்படியை மிதித்த பிறகுதான் நின்றார்கள். ஆட்டம் முடிந்தது, பூவரசன் டீம் ஒரு புள்ளியில் தோற்றது. அன்று மாலையே அமீர் பாட்சா போனில் சொன்னார், அவன் பேரில் ஒரு தப்பு பதிவாகிவிட்டது, கோப்பை எதிரணிக்குப் போகிறது என்று. "போட்டும் பாய், சாப்ட்டீங்களா?" என்று கேட்டான் பூவரசன். அடுத்த வாரம் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனவனை ஒருவர் முன்னாள் ஆட்டக்காரர்தானே நீங்க என்று கேட்டார். ஆமாங்க என்றான்.

பந்தை யாராலும் எடுக்க முடியவில்லை. பதினெட்டு வருஷக் கனத்தோடு பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. ஜேசிபி வைத்துப் பார்த்தார்கள், பல்தான் வளைந்தது, டிரைவர் திட்டிவிட்டுப் போனான். இப்போது அதைச் சுற்றிக்கொண்டு ஏர் ஓட்டுகிறார்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாயிற்று. லீவு நாளில் கவிதா அங்கே வந்து உட்கார்ந்து, மல்லாட்டையை அந்தப் பந்தின்மேல் வைத்துத் தட்டி உடைத்து, பருப்பில் பாதியை அப்பனுக்குக் கொடுக்கிறாள். தட்டுவதற்குத் தோதாக இருக்கிறது என்கிறாள்.